இடக்காதில் ஏறிய சுருதி

1

இந்தக் கதை என் அக்கா மகளின் கலியாணத்தில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அக்காவுக்கு அது ஒரு கேடு. மேளம் வாசிக்க வந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய கேடு. எனக்கு மட்டும்தான் அது கதை.

நெல்லியடியில் ஒரு மண்டபம். மாப்பிள்ளை தாலியை எடுத்துக்கொண்டு குனிகிறார், ஐயர் கையைத் தூக்கிக் காட்டுகிறார், கெட்டிமேளம் எழும்புகிறது. இரட்டை நாதஸ்வரம். மூத்தவர் அருட்செல்வன், அவருக்கு இடப்பக்கம் அவருடைய தம்பி கஜானன். தாலி கழுத்துக்குப் போகிற அந்த நேரத்தில் மூத்தவர் தன் நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்து மடியில் போட்டார். திரும்பினார். தம்பியின் நாதஸ்வரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

சீவாளி உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. கஜானனின் வெள்ளை வேட்டியில் இரத்தம். தவில்காரர்கள் நிறுத்தவில்லை; நல்ல மனிசர்கள். தாலி தவிலோடு மட்டும் ஏறியது.

"குடிச்சிட்டு வந்திட்டான்" என்று எனக்குப் பின்னால் இருந்தவர் சொன்னார். பந்தி தொடங்குவதற்கு முன்பே அந்தச் சொல் சமையல் கொட்டகை வரைக்கும் போய்விட்டது.

2

அன்று பின்னேரமே எழுத உட்கார்ந்தேன். (நெல்லியடியில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை உண்டு. எழுத்து, கடை பூட்டிய பிறகு.) முதல் வரி:

அருட்செல்வன் குடித்திருந்தார்.

அப்போது நான் அதை நம்பினேன். அதிலிருந்து இரண்டு பக்கம் போனது. கலையும் சாராயமும், மேதைமையும் சீரழிவும். நன்றாக வந்துகொண்டிருந்தது, அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இன்னொரு தொடக்கம்:

நாதஸ்வரம் பேசுவது அதன் நுனியிலிருக்கும் இரண்டு நாணல் தகடுகளின்

இதை விட்டுவிட்டேன். ஆனால் வாசகருக்கு இந்தச் சமாச்சாரம் கொஞ்சம் தெரிய வேண்டும்; பிறகு நடந்தது எல்லாம் இதில்தான் தொங்குகிறது. ஆகவே கதையை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன்.

[சீவாளி என்பது நாதஸ்வரத்தின் வாய். ஊறவைத்த நாணலை மடித்து, நூலால் கட்டி, சிறிய குழாயில் செருகி ஊதுவார்கள். அதன் வாய் இறுகிப்போனால் சுருதி ஏறும், அதாவது ஒலி இருக்கவேண்டிய இடத்துக்கு மேலே நிற்கும். இறக்குவதற்கு வழிகள் உண்டு. குச்சியால் வாயை மெல்ல விரிக்கலாம். குழாயிலிருந்து ஒரு மயிரிழை வெளியே இழுக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் கத்தியால் முதுகைச் சுரண்ட வேண்டும். சுரண்டியதைத் திருப்பி ஒட்ட முடியாது. அளவுக்கு மேல் சுரண்டினால் சீவாளி செத்துப்போகும். "செத்துப்போச்சு" என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள்.]

3

என் அக்கா சிவக்கொழுந்துக்குச் சோறு இறங்கவில்லை.

"தாலி ஏறேக்கை நாயனம் நிண்டிட்டுது. என்ரை பிள்ளைக்கு என்ன வரப்போகுதோ தெரியேல்லை. நீ போய் அந்த மனிசனைக் கேள். ஏன் உப்பிடிச் செய்தவர் எண்டு கேட்டுக்கொண்டு வா."

கலியாணம் முடிந்து மூன்று வாரத்துக்குப் பிறகு மோட்டார்சைக்கிளில் அச்சுவேலிக்குப் போனேன். வாசல் படலையில் அருட்செல்வனின் மனைவி மகாதேவி நின்றார். பாலர் பாடசாலை ஆசிரியை. குரலில் இன்னும் வகுப்பு இருந்தது.

"அவர் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை அண்ணை. குறை நினைக்காதையுங்கோ."

"அக்காதான் அனுப்பினவ. கோவத்திலை இல்லை, பயத்திலை. அவர் அண்டைக்குக் குடிச்சிருந்தவரோ எண்டு..."

"அவர் குடிக்கிறேல்லை."

அவர் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருந்த கஜானன் வெளியே வந்தார். கீழுதட்டில் தையல் தழும்பு. கிணற்றடிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மகாதேவியும் வந்தார். வீட்டுக்குள் இருப்பவருக்குக் கேட்காத தூரம் என்று நினைத்து நின்றோம். பிறகுதான் விளங்கியது, தூரத்தை அவ்வளவு கவனிக்கத் தேவையில்லை என்று.

4

அவர்கள் சொன்னதை நான் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். அவர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு சொன்னார்கள்.

போன வருசம் ஒரு கோயிலில் பூங்காவனத் திருவிழா. சுவாமி வெளிவீதியில் வருகிறது, முன்னால் அண்ணனும் தம்பியும் வாசித்துக்கொண்டு வருகிறார்கள். வாண வெடி ஒன்று மேலே போகாமல் தாழப் பறந்து அருட்செல்வனின் இடக்காதுக்குப் பக்கத்தில் வெடித்தது. காயம் இல்லை. தலைப்பா கொஞ்சம் கருகியது. அவர் ஒரு கணம் நின்றார், பிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்தார். சனம் கைதட்டியது.

பல நாள் காது இரைந்தது. இரைச்சல் அடங்கிய பிறகு ஒருநாள் வீட்டில் வாசித்துப் பார்க்கும்போது தம்பியிடம் சொன்னார்:

"உன்ரை சீவாளி ஏறி நிக்குது."

கஜானன் வெளியே இழுத்தார்.

"இன்னும் ஏறி நிக்குது. கொண்டா இங்கை."

வாங்கிச் சுரண்டினார். ஊதச் சொன்னார். திரும்ப வாங்கிச் சுரண்டினார். அந்தச் சீவாளி அன்றைக்கே செத்தது. அடுத்த நாள் வேறொன்று. வெயிலால் என்றார், பிறகு நாணல் சரியில்லை என்றார், பிறகு தம்பி உதட்டைக் கடித்து ஊதுகிறான் என்றார். இந்தியாவிலிருந்து எடுப்பித்த சீவாளிகள் ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போயின.

ஒரு பகல் கஜானன் தனியே சுருதிப் பெட்டியைப் போட்டு ஊதிப் பார்த்தார். அவருடைய சீவாளி சரியாக நின்றது. அண்ணன் சுரண்டித் தந்ததை ஊதினார். அது கீழே கிடந்தது.

அன்றிலிருந்து அவர் இரண்டு சீவாளி வைத்துக்கொண்டார். அண்ணன் சுரண்டித் தருவது ஒன்று. சபையில் வாசிப்பதற்கு இன்னொன்று. மேடை ஏறுவதற்கு முன் ஒளித்து மாற்றிவிடுவார். சபையில் அண்ணனின் முகம் சுழிக்கும். ஆனால் சனத்தின் முன்னால் ஒன்றும் சொல்லமாட்டார். நிகழ்ச்சி முடிந்து வரும் வழியில் வான் வண்டிக்குள் ஏச்சு நடக்கும். அதைக் கஜானன் வாங்கிக்கொள்வார்.

5

இங்கே எனக்குக் கஜானனில் சந்தேகம். கதை எழுதுகிறவனுக்கு ஒரு பாத்திரம் ஏன் பேசாமலிருந்தது என்று தெரிய வேண்டும். நேரே கேட்டேன்.

"அண்ணையின்ரை காதை நம்பித்தான் நான் இவ்வளவு காலமும் வாசிச்சனான். அந்தக் காதிலை பிழை எண்டு எந்த வாயாலை சொல்லுறது?"

கேட்பதற்கு அழகாக இருந்தது. எழுதிக்கொண்டேன். மகாதேவி வாளிக் கயிற்றைப் பார்த்தபடி சொன்னார்:

"சுவிசுக் கோயில்காரர் ரெண்டுபேரையும் சேர்த்துத்தான் கேட்டவை. விசா அலுவல் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் சொல்லு தம்பி."

கஜானன் கிழிந்த உதட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

[முதல் வரைவில் கஜானனை நல்ல தம்பியாக எழுதியிருந்தேன். இரண்டாவதில் சுயநலக்காரனாக. இரண்டிலும் அவர் உயிரோடு இல்லை. இப்போது ஒன்றும் எழுதாமல் அவரை அந்தக் கிணற்றடியில் உதட்டோடு விட்டிருக்கிறேன்.]

கலியாணத்தன்று நடந்தது இதுதான். அருட்செல்வன் தான் சுரண்டிய சீவாளிக்குச் சிவப்பு நூல் சுற்றியிருந்தார், கலக்காமல் இருக்க. அது அடையாளத்துக்கு என்று கஜானனுக்குத் தெரியாது. அவர் வழக்கம்போல மாற்றிவிட்டார். கெட்டிமேளத்துக்கு உச்சத்தில் வாசிக்கும்போது இடப்பக்கத்திலிருந்து அந்த ஏறிய ஒலி ஊசிபோல வந்தது. அண்ணன் திரும்பிப் பார்த்தார். தம்பியின் வாயிலிருந்த சீவாளியில் நூல் வெள்ளையாக இருந்தது.

அவர் இழுத்தது சுருதிக்காக மட்டும் அல்ல. தன் முகத்துக்கு முன்னாலேயே தன்னை ஏமாற்றுகிறான் என்று கண்டு இழுத்தார்.

6

அன்று பின்னேரம், மண்டபத்திலிருந்து வந்த கோலத்தோடு, வீட்டு விறாந்தையில்.

இதில் நான் இல்லை. இருந்தவர்கள் மூன்று பேர், அதில் இரண்டு பேர் எனக்குச் சொன்னார்கள். இரண்டு பேரும் சொன்னதில் ஒத்துப்போவதை மட்டும் தருகிறேன்.

அருட்செல்வன் கத்தினார். "எத்தினை நாளா ஏமாத்துறாய்? சொல்லடா! என்னை என்னெண்டு நினைச்சாய்?"

கஜானனுக்கு உதடு வீங்கி வார்த்தை வரவில்லை. மகாதேவிதான் சொன்னார்.

"இஞ்சருங்கோ. உங்கடை இடக்காதை ஒருக்கால் பொத்துங்கோ."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?"

"பொத்துங்கோ எண்டு சொல்லுறன்."

பொத்தினார். மகாதேவி கைபேசியில் சுருதிப் பெட்டியைப் போட்டார். கஜானன் அந்த உதட்டோடு, இரத்தம் ஊற ஊற, வெள்ளை நூல் சீவாளியில் ஒற்றை ஸ்வரத்தை ஊதிப் பிடித்தார்.

சுருதிப் பெட்டியும் சீவாளியும் ஒன்றாக நின்றன.

அருட்செல்வன் விரலை எடுத்தார். ஏறியது. வைத்தார். இறங்கியது. எடுத்தார். ஏறியது. தம்பி மூச்சு வாங்கும்போது "ஊது" என்றார். தம்பி ஊதினார். மறுபடி விரல். ஊதுகிறவனுடைய சீவாளி ஓரிடத்தில் நிற்கிறது, தன் விரலுக்குத்தான் அது ஏறி இறங்குகிறது. பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற வரைக்கும் அவர் விரலை வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் அழுதார் என்று மகாதேவி சொல்கிறார். சிரித்தார் என்று கஜானன் சொல்கிறார். நான் எதையும் எழுதவில்லை.

7

யாழ்ப்பாணத்தில் ஒரு காது வைத்தியர் சோதித்தார். உட்காதில் சேதம், ஒலியை அந்தக் காது இடம் மாற்றிக் கேட்கிறது, இனித் திரும்பாது என்றார். காதுக் கருவி சத்தத்தைக் கூட்டும், சுருதியைத் திருத்தாது. இன்னொன்றும் சொன்னார். வெடி ஒரு காதைக் கெடுத்தது. மற்றக் காதை அந்த வாத்தியமே கெடுத்துக்கொண்டிருக்கிறது. தொடாமல் விட்டால் வலக்காது தப்பும். விடாவிட்டால் அதுவும் இப்படித்தான்.

தம்பியை வலப்பக்கம் இருத்தி, இடக்காதில் பஞ்சை அடைத்து வாசித்துப் பார்த்தார்கள். தம்பியின் ஒலி சரியாக வந்தது. ஆனால் அவருடைய சொந்த நாதஸ்வரம் பஞ்சையும் தாண்டி உள்ளே போனது. ஒரு வாத்தியம் இரண்டு சுருதியில். நடுவிலே நிற்கப் பார்த்து அவர் வழுக்கிக்கொண்டே போனார் என்று கஜானன் சொன்னார். ஒரு கீர்த்தனையைக்கூட முடிக்கவில்லை.

8

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு வந்தேன். அக்காவுக்கு உண்மையைச் சொல்லலாம், கதையையும் முடிக்கலாம் என்று இருந்தேன். புறப்படும்போது மகாதேவி படலை வரைக்கும் வந்தார்.

"நீங்கள் எழுதுற ஆள் எண்டு தெரியும். எழுதுங்கோ. ஆனா அவரைக் குடிகாரன் எண்டு மட்டும் எழுதாதையுங்கோ. எங்கடை மகள் தர்சினிக்குக் கலியாணம் பேசி வந்திருக்கினம். மாப்பிள்ளை வீட்டார் நெல்லியடி. அவைக்குக் கதை போயிட்டுது. உண்மையை நாலு பேர் அறியட்டும்."

ஓம் என்றேன்.

அடுத்த நாள் காலை கடை திறந்ததும் ஒருவர் வந்தார். போட்டிருந்த சேட்டில் சாராய மணம். மேளக் கோலம் இல்லாததால் எனக்கு ஆளைத் தெரியவில்லை. வாசிக்கக் கண்ணாடி வேண்டும் என்றார். எழுத்து அட்டையைக் காட்டினேன், கடைசி வரி வரைக்கும் பிசகாமல் வாசித்தார். பிறகு அட்டையைக் கீழே வைத்தார்.

"நான் அருட்செல்வன். நேற்று நீங்கள் கிணற்றடியிலை நிண்டதைக் கண்டனான். மகாதேவி என்ன கேட்டவ எண்டும் தெரியும்."

"இருங்கோ."

அவர் இருக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு, வலக்காது என் பக்கம் வரும்படி முகத்தைத் திருப்பினார்.

"குடி எண்டு எழுதுங்கோ அண்ணை."

எனக்கு விளங்கவில்லை.

"குடிகாரனெண்டா ஒருநாளைக்குத் திருந்தலாம். திருந்திட்டானெண்டு ஆக்கள் திருப்பிக் கூப்பிடுவினம். அப்பிடி எத்தினை பேரைக் கூப்பிட்டிருக்கினம்! காது போன நாதஸ்வரக்காரனை ஆர் கூப்பிடுவினம்? சொல்லுங்கோ பாப்பம்."

"உங்கடை மகளின்ரை விசயம்..."

"தெரியும்."

"வைத்தியர் சொன்னது?"

"அதுவும் தெரியும்." கையை எடுத்தார். "உங்கடை அக்காட்டையும் குடிச்சிருந்தவன் எண்டே சொல்லுங்கோ. அவவின்ரை காலிலை விழுறன் எண்டு சொல்லுங்கோ."

அவர் வெளியே போன பிறகு கவனித்தேன்: அவ்வளவு கிட்ட நின்று கதைத்தும் வாயில் மணம் இல்லை. சேட்டில்தான்.

அக்காவிடம் போனேன். குடித்திருந்தாராம், மன்னிப்புக் கேட்கிறாராம் என்றேன். அக்கா நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டார்.

"குடிகாரன் செய்ததோ. அப்ப அது வெறியிலை செய்தது. அதுக்குத் தெய்வம் எங்களிலை குற்றம் பிடிக்காது."

அன்றிரவு அக்கா சாப்பிட்டார். ஒரு பொய் ஒரு வீட்டில் சோறு இறங்கச் செய்தது. அதே பொய் அச்சுவேலியில் என்ன செய்தது என்பதைக் கீழே எழுத வேண்டியிருக்கிறது.

9

அதற்கு முன், நான் எழுதிக் கைவிட்ட முடிவுகள்.

ஒன்று. அண்ணனும் தம்பியும் ஒரு கோயில் வாசலில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். கைவிட்ட காரணம்: அப்படி நடக்கவில்லை. கஜானன் லோஜன் என்ற வேறொரு வித்துவானைச் சோடி சேர்த்துக்கொண்டு சுவிசுக்குப் போனார். விமான நிலையத்துக்குப் போகும் வான் அண்ணன் வீட்டு ஒழுங்கையால்தான் போனது. நிறுத்தினார்களா என்று மகாதேவியிடம் கேட்டேன். "ஹோர்ன் அடிச்சவை" என்றார்.

இரண்டு. கிணறு. இதை எழுதி முடித்தேன், நன்றாகவும் இருந்தது, நண்பர் ஒருவர் வாசித்துக் கண் கலங்கினார். அவர் கலங்கியதைப் பார்த்துத்தான் கிழித்தேன். செத்தவருக்காக அழுதுவிட்டு நாங்கள் எழும்பிப் போகலாம். அருட்செல்வன் சாகவில்லை. காலையில் எழும்பி, பல் தீட்டி, சேட்டில் சாராயம் தெளித்துக்கொண்டு கள்ளுத் தவறணைக்கு முன்னால் போய் நிற்கிறார். அதற்கு எப்படி அழுவது என்று தெரியவில்லை.

மூன்று. அவர் தன் மகளுக்காக

இதை முடிக்க முடியவில்லை. அவர் மகளுக்காக எதையும் செய்யவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டு விசாரித்தார்கள். ஆள் தவறணைக்கு முன்னால் அவரைக் கண்டான். கலியாணப் பேச்சு நின்றது. அந்தச் செய்தி வந்த பகல், தர்சினி தகப்பனுக்கு முன்னால் வந்து நின்று கேட்டாளாம்: "நீங்கள் குடிக்கிறேல்லை எண்டு அவையிட்டை ஒரு சொல் சொல்லக்கூடாதோ அப்பா?"

அவர் தலையைத் திருப்பி, "என்ன? கேக்கேல்லை" என்றாராம்.

அவள் வலக்காதுப் பக்கம்தான் நின்றாள் என்று மகாதேவி சொன்னார்.

என் கடையில் அழாமல் அதைச் சொல்லிவிட்டு, "நீங்கள் இன்னும் எழுதேல்லையோ?" என்று கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "சேட்டை நான்தான் தோய்க்கிறன். நாறுது. ஆனா வாயை மணந்து பாத்திட்டன், படுக்கேக்கை. ஒண்டுமில்லை. அவர் குடிச்சாலாவது விட்டுத் துலையலாம் அண்ணை."

10

பிறகு அவர் சொன்னபடியே நடந்தது. இதுதான் எனக்கு விழுங்கக் கஷ்டமாயிருக்கிறது. அவருடைய கணக்கு சரியாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் பருத்தித்துறைப் பக்கத்துக் கோயில் ஒன்றுக்குப் போய், சனத்துக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி, இனிக் குடிக்கமாட்டேன் என்று கையடித்துச் சத்தியம் பண்ணினார். இதுவரை தொடாத ஒன்றை இனித் தொடேன் என்ற அந்தச் சத்தியத்தைப் பார்த்துப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். திருந்திய மனிதரை யாருக்குத்தான் பிடிக்காது? கோயில்காரர் வரப்போகும் திருவிழாவுக்கு அவரையே கேட்கத் தீர்மானித்தார்கள். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரைக்கும், காலையும் மாலையும். சோடிக்கு ஒரு இளம் வித்துவான். அவர் சம்மதித்து, ஒரு நிபந்தனை மட்டும் போட்டாராம்: சோடி தன் வலப்பக்கம் இருக்க வேண்டும்.

மகாதேவி எனக்குச் சொல்லும்போது, வீட்டில் மறுபடி சீவாளி சுரண்டுகிற சத்தம் கேட்கிறது என்றார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் சுரண்ட முடியாது. அதனால் பஞ்சடைத்து, தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு இருக்கிறாராம். ஊதுகிறார், துணியை இறுக்குகிறார், சுரண்டுகிறார். தீனமான நோயாளியைப்போல் இருக்கிறது என்றார். ஆனால் முகம் பழைய முகம் என்றும் சொன்னார்.

11

இந்த இடம் வரைக்கும் எழுதிவிட்டு, இதோ, இன்று பகல் கடையில் இருக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்களையும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். நீங்கள் அருட்செல்வன் என்று ஒருவரை அச்சுவேலியில் தேடினால் கிடைக்கமாட்டார். அப்படியானால் நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, இரண்டு பேர் கேட்டதையும் ஒருவாறு செய்துவிட்டேன் என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தேன்.

கைபேசி அடித்தது.

"நான் இராசநாயகம் கதைக்கிறன், கோயில் தலைவர். அருட்செல்வனை உங்களுக்கு வடிவாத் தெரியுமெண்டு சொன்னவை. உங்கடை வீட்டுக் கலியாணத்திலைதானாம் அந்தக் கூத்து நடந்தது."

"ஓம்."

"ஆள் பெரிய வித்துவான், அதிலை கதையில்லை. குடிதான் கெடுத்துப்போட்டுது. இப்ப சத்தியம் பண்ணியிருக்கிறார். நாளைக்கு நோட்டீஸ் அடிக்கக் குடுக்கிறம், அதுதான் ஒருக்கால் கேப்பமெண்டு. நீங்கள் நேர்மையான ஆள் எண்டு சொன்னவை. உண்மையாக் குடியை விட்டிட்டாரோ?"

எளிமையான கேள்வி. ஓம் என்று சொன்னால் அருட்செல்வன் வாசிப்பார். வலக்காது இருக்கும் வரைக்கும் வாசிப்பார். தர்சினி ஒரு திருந்திய குடிகாரனின் மகளாக இருப்பாள். இல்லை, அவர் ஒருநாளும் குடித்ததில்லை என்று சொன்னால், பிறகு ஏன் இழுத்தார் என்று இராசநாயகம் கேட்பார், அதற்கும் நான் பதில் சொல்ல வேண்டும். தர்சினியின் கலியாணப் பேச்சு திரும்பி வரலாம். அச்சுவேலியில் தலையில் துணி கட்டிக்கொண்டு இருப்பவரை இனி ஒருவரும் கூப்பிடமாட்டார்கள்.

 கதையில் என்றால் இந்த இடத்தில் லைனைத் துண்டித்திருப்பேன். லைன் தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தில் கோயில் மணி கேட்கிறது, யாரோ பந்தல்காரனைக் கூப்பிடுகிறார்கள்.

"ஹலோ? நிக்கிறியளோ?"

இவ்வளவையும் வாசித்துவிட்டீர்கள். எனக்குத் தெரிந்தது எல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும், ஒன்றையும் நான் ஒளிக்கவில்லை. இந்தாருங்கோ, கைபேசியைப் பிடியுங்கோ. அவர் நல்ல மனிசன், நீங்கள் சொல்வதை அப்படியே நம்புவார்.

அவர் திரும்பவும் கேட்கிறார்.